விற்றால்தான் வரவு: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு மருந்தாளுநரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் ஒரு சந்துமுனையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்தவள். பிறர் கடைகளில் பதினான்கு வருடம் நின்றுவிட்டு, சொந்தக் கடை போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. தெருவில் என்னை 'மெடிக்கல் அக்கா' என்பார்கள். வயதில் மூத்தவர்களுக்கு 'மெடிக்கல்காரம்மா'. என் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர் இந்தத் தெருவில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

சென்ற மாதம் ஒரு காலை, எங்கள் தெருவில் பூக் கட்டும் அம்மா ஒருவர் புதுச் சீட்டோடு வந்தார். தைராய்டு மாத்திரை. ஒன்றரை வருடமாக என்னிடம்தான் வாங்குகிறார். 50 மைக்ரோகிராமில் தொடங்கியது 75 ஆகி, இப்போது 100 என்று எழுதியிருந்தது. "அளவு ஏறிக்கொண்டே போகிறது, அசதி மட்டும் அப்படியே இருக்கிறது" என்று சலித்துக்கொண்டார். மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். "வெறும் வயிற்றில்தான் போடுகிறேன். எழுந்து பல் துலக்கியதும் காபியோடு." அவர் கணக்கில் காபி வயிற்றில் சேர்வதில்லை. இந்த ஊரில் பாதிப் பேர் கணக்கு அதுதான். எலும்புக்கு என்று கொடுத்த கால்சியம் மாத்திரையையும் அதே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார்.

அந்தத் தைராய்டு மாத்திரையில் இருப்பது தைராக்சின். காபியும் கால்சியமும் அதை உடம்பில் சேரவிடாது. தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபியைத் தள்ளிவைக்க வேண்டும். கால்சியத்துக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதைச் சொல்லி முடிக்க எனக்கு நாலு நிமிடம் ஆனது. புது அளவைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் இந்தக் காபிக் கதையைச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தேன். அவர் 75-லேயே நிறுத்தி, ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னாராம். வீட்டில் பழைய பாட்டிலில் பாதிக்கு மேல் மாத்திரை இருந்தது.

ஆக, அந்தச் சீட்டில் அன்று எனக்கு வியாபாரம் இல்லை. நான் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான், அதற்குத்தான் கல்லாவில் ஒன்றும் விழவில்லை. ஒன்றரை வருடம் வாயைத் திறக்காமல் பாட்டிலை எடுத்துக் கொடுத்தபோதெல்லாம் விழுந்தது.

இந்த மடலை எழுதவைத்தது இந்தக் கணக்குதான்.

சட்டத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும், மருந்தாளுநர் தன் எல்லையை மீறிக் கேட்கிறார் என்ற பேச்சு எழும் என்பதால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம், மருத்துவர் எழுதிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் வழங்க வேண்டும் என்கிறது. 2015-இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், சீட்டைக் கொண்டுவரும் நோயாளியிடம் மருந்தாளுநர் தானே முன்வந்து பேச வேண்டும் என்கின்றன. மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், எப்படி வைத்துக்கொள்வது, பக்கவிளைவு என்ன, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கின்றன. எனக்குப் புது அதிகாரம் எதுவும் வேண்டாம். எழுதிவைத்த கடமையைச் செய்ய வழி வேண்டும்.

வழி இல்லாததை என் சக ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்குள் இரண்டு புத்தாக்க வகுப்புகளுக்காவது போயிருக்க வேண்டும். சென்ற முறை நான் போன வகுப்பில், பாடம் எடுத்த பேராசிரியர் கேட்டார்: "நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநர் வேலை என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள்." அரங்கு முழுக்கக் கைகள். "நேற்று ஒருவருக்காவது ஐந்து நிமிடம் சொன்னவர்கள்?" கைகளை எண்ணிவிட முடிந்தது. நான் தூக்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கடை ஞாயிறும் திறந்திருக்கும்.

சாப்பாட்டு இடைவேளையில் சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்தபடி பேசியதுதான் உண்மையான வகுப்பு. பெரிய கடையொன்றில் சம்பளத்துக்கு நிற்கும் ஒரு தம்பி சொன்னார்: "அக்கா, சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், சரி. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? டாக்டருக்குச் சங்கம் இருக்கிறது. எனக்கு முதலாளி இருக்கிறார். அவர் முதல் வேலையாக என்னை வீட்டுக்கு அனுப்புவார்." அறுபதைத் தாண்டிய ஒருவர், கம்பவுண்டர் என்று அழைக்கப்பட்ட காலத்தில் வேலை கற்றவர், வேறு மாதிரி பேசினார். மிக்சர் கலக்கிக் கொடுத்த காலத்தில் பாட்டிலில் காகிதக் கோடு ஒட்டி, ஒரு வேளைக்கு ஒரு கோடு என்று தான் சொன்னதை ஜனங்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள் என்றார். "இப்போது அட்டையைக் கத்தரிப்பதற்கு என்னத்துக்கு ஆலோசனை?" கோபமாகச் சொல்லவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

என் அக்கா மகள் ஃபார்ம்.டி. படித்தாள். 2008-இல் நம் நாட்டில் தொடங்கிய ஆறு வருடப் படிப்பு. ஐந்து வருடம் பாடம், ஒரு வருடம் மருத்துவமனையில் பயிற்சி. வார்டில் மருத்துவரோடு சுற்று வந்து, எந்த மருந்து எதோடு மோதும் என்று சொல்லப் பழகியவள். இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் மெடிக்கல் கோடிங் செய்கிறாள், அமெரிக்க நோயாளிகளின் காப்பீட்டுக் கணக்குக்கு எண் போடும் வேலை. ஏன் என்று கேட்டால், "சித்தி, அங்கே ஏசி இருக்கிறது, உன் கடையில் என்ன இருக்கிறது?" என்கிறாள். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறாள். பதில் சொல்லத்தான் எனக்கு வரவில்லை.

விருப்பம் இருக்கிறது, துணிச்சல் இல்லை, வருமானமும் இல்லை. எங்கள் கூட்டத்தின் மனநிலையை இதற்கு மேல் நீட்டத் தேவையில்லை.

வருமானத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், அதை யாரும் பேசுவதில்லை. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்கு, 2013-ஆம் ஆண்டின் ஆணைப்படி சில்லறைக் கடைக்கு 16 சதவிகித லாபம். இருபது ரூபாய் சர்க்கரை மாத்திரை அட்டை ஒன்றை விற்றால் முழுதாக மூன்று ரூபாய் நிற்காது. அதில் கடை வாடகை, ஃபிரிட்ஜுக்கு மின்சாரம், காலாவதியாகித் திரும்பிப் போகாத சரக்கு எல்லாம் கழிய வேண்டும். எதிர்ச் சாரியில் '20 சதவிகிதத் தள்ளுபடி' என்று பலகை. கைப்பேசிச் செயலியில் அதற்கும் மேல். வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்டால் மறுக்க முடிவதில்லை. அப்புறம் ஒரே வழி, அட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொல்பவர் அந்த எண்ணிக்கையைக் குறைப்பவர். சம்பளத்துக்கு நிற்கும் மருந்தாளுநர் அப்படிச் சொன்னால் முதலாளி முகம் எப்படிப் போகும் என்று பதினான்கு வருடம் பார்த்தவள் நான். சிடுசிடுப்பதில்லை. "எல்லாம் தெரிந்தவர்" என்று மற்ற பையன்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள். அது போதும்.

இடம் அடுத்த தொல்லை. சில்லறை மருந்துக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் வேண்டும் என்பது விதி. சென்னை வாடகையில் அந்தக் குறைந்தபட்சம்தான் பெரும்பாலான கடைகளுக்கு அதிகபட்சமும். என் கடையும் அப்படித்தான். ஒரு மாலை, கல்லூரிக்குப் போகும் வயதுப் பெண் ஒருத்தி வந்து, கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்றாள். மாலை ஆறு மணிக்குப் பெரம்பூரில் கூட்டம் குறையாது. கடைசியில் சீட்டை மடித்து நீட்டினாள். பூஞ்சைத் தொற்றுக்குப் பெண்ணுறுப்பில் வைக்க வேண்டிய மாத்திரை. பார்ப்பதற்குச் சாதாரண மாத்திரை போலத்தான் இருக்கும். பக்கத்தில் தைலம் கேட்டு ஒருவர், பேரனுக்கு டயாப்பர் வாங்க ஒரு தாத்தா, ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டு ஓர் ஆட்டோ ஓட்டுநர். இவர்கள் நடுவில் நான் எப்படி அவளிடம் சொல்வது? காகிதக் கவரின் பின்பக்கம் எழுதினேன்: 'விழுங்கக் கூடாது. இரவு படுக்கும் முன், உள்ளே வைக்க வேண்டும்.' அவள் படிக்காமலே பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டாள். படித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரமே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினேன். யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் பேசட்டும் என்று வாசலில் போட்டேன். நடைபாதையை ஆக்கிரமிக்கிறீர்கள் என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே போட்டால் ஃபிரிட்ஜ் கதவு திறக்காது. இன்சுலின் கேட்டு ஒருவர் வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்க வேண்டும்.

அரசு மருத்துவமனை ஒன்றின் மருந்து கவுன்ட்டரில் இருக்கும் என் தோழிக்கு இடப் பிரச்சினை இல்லை. அவளுக்கு நேரப் பிரச்சினை. கண்ணாடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை, அதற்குள் சீட்டோடு நுழையும் கைகள். "நான் முகங்களைப் பார்ப்பதே இல்லை, கைகளைத்தான் பார்க்கிறேன்" என்பாள். ஆஸ்துமாவுக்குக் கருவிக்குள் போட்டு இழுக்க வேண்டிய கேப்ஸ்யூலை ஒருவர் மூன்று மாதம் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, "மருந்து கேட்கவில்லையம்மா, இழைப்பு அப்படியே இருக்கிறது" என்று வந்து நின்றாராம். கருவியை அவர் பேரன் விளையாட வைத்திருந்தான். காலிக் கருவி ஒன்றை எடுத்து, கேப்ஸ்யூலைப் போட்டு, திருகி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கிக் காட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. அவருக்குப் பின்னால் வரிசையில் நூறு பேர் இருந்தார்கள்.

இனி மருத்துவர்கள். இதில் கவனமாக எழுத வேண்டும், அவர்கள் சீட்டில்தான் என் கடை ஓடுகிறது.

ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளி ஒருவர், எழுபது வயதுக்கு மேல். காலை பதினொரு மணிக்கெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டுகிறது என்றார். மஞ்சப்பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொன்னேன். அரசு மருத்துவமனையில் வாங்கிய கிளிபிசைடு என்ற சர்க்கரை மாத்திரை ஒரு பக்கம். மகன் அழைத்துப் போன தனியார் மருத்துவமனையில் எழுதிய, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை மறுபக்கம். கிளிபிசைடும் கிளிமிபிரைடும் பங்காளிகள், கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைப்பவை. பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் பெரியவர் இரண்டையும் ஒழுங்காகப் போட்டு வந்திருக்கிறார், ஒரு வேளைகூட விடாமல். ஒழுங்கே வினையாகிவிட்டது. சர்க்கரைக் கரைசலைக் குடிக்க வைத்து உட்காரவைத்தேன். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் "டாக்டர் பேஷண்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார்." அவர் பார்த்துக்கொண்டிருக்கும் பேஷண்ட்களில் ஒருவர்தான் இங்கே என் கடையில் இருக்கிறார் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. ஒரு மாத்திரையை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. 'இவை இரண்டும் ஒரே வகை. இன்றே மருத்துவரிடம் காட்டவும்' என்று எழுதிக் கொடுத்து, மகனை வரவழைத்து, அனுப்பினேன். மருத்துவர் ஒன்றை நிறுத்திவிட்டாராம். கூடவே, "எந்த மெடிக்கல் அது?" என்று கேட்டாராம். எந்தக் குரலில் கேட்டார் என்று பெரியவருக்கு நினைவில்லை. நல்ல குரலாகவும் இருந்திருக்கலாம்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மலிவு விலையில் மூலப்பெயர் (ஜெனரிக்) மருந்து விற்க அரசே கடைகள் திறந்திருக்கிறது. மூலப்பெயரில், படிக்கும்படி எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அவர்கள் நெறிமுறையே சொல்கிறது. சீட்டில் வருவதோ கம்பெனிப் பெயர். அந்தப் பெயருக்குப் பதிலாக, உள்ளே அதே மருந்து இருக்கும் இன்னொன்றைக் கொடுக்கலாமா என்றால், மருந்துகள் விதிகளின் 65-ஆம் விதி கூடாது என்கிறது. திறந்த கடைக்குச் சாவி மருத்துவரின் பேனாவில் இருக்கிறது.

மருத்துவர்களின் அச்சம் முழுக்கத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டு அழுக்கு எனக்குத் தெரியும். 'காய்ச்சல் செட்' என்று ஒன்று உண்டு. நாலு நிறத்தில் நாலு மாத்திரை, அட்டையிலிருந்து பிதுக்கிக் காகிதக் கவரில் போட்டுத் தருவது. என்ன மாத்திரை என்று வாங்குபவருக்குத் தெரியாது. கொடுக்கும் பையனுக்கே பாதிதான் தெரியும். சில செட்களில் ஸ்டீராய்டு இருக்கும், அதனால்தான் மறுநாளே உடம்பு தேவலை என்று மறுபடியும் அந்தக் கடைக்கே வருகிறார்கள். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கடையில் நானும் செட் கட்டியிருக்கிறேன். அண்ணா நகர் பக்கம், பத்தொன்பது வயதில், முதலாளி சொன்னார், கட்டினேன். 2012-இல் மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி, மருந்துக்கு மசியாத கிருமிகளை எப்படிச் சமாளிப்பது என்று இந்த ஊரின் பெயரிலேயே 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது அதில் பேசப்பட்ட பெரிய விஷயங்களில் ஒன்று. பிறகு, சீட்டைப் பார்த்துத்தான் விற்க வேண்டிய மருந்துகளைப் பட்டியலிடும் எச்1 அட்டவணை வந்தது. 2014 மார்ச் முதல் தேதியிலிருந்து 46 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு, மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். எழுதுகிறேன். ஆய்வுக்கு வருபவர்கள் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தப் பெயருக்குரியவரிடம் நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

செட்டைவிடப் பெரிய அழுக்கு வாடகைச் சான்றிதழ். சுவரில் சான்றிதழ் தொங்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார், மாதம் பிறந்தால் பணம் போய்ச் சேரும். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. வீட்டிலிருந்தபடியே வருமானம். இரண்டு நாள் யோசித்தேன். மறுத்துவிட்டேன் என்று பெருமையாக எழுத ஆசைதான், உண்மையில் நான் முடிவு செய்வதற்குள் அவர்களுக்கு வேறு சான்றிதழ் கிடைத்துவிட்டது. இருபதாயிரமோ முப்பதாயிரமோ கொடுத்து ஓர் ஆளை நிறுத்துவதைவிடச் சுவரில் ஒரு காகிதத்தைத் தொங்கவிடுவது மலிவாக இருக்கும் வரை, எந்தக் கடையிலும் ஆலோசனை நடக்காது. ஆலோசனை சொல்ல வேண்டிய ஆளே கடையில் இல்லையே.

எல்லை மீறலைப் பற்றியும் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எங்கள் பக்கம் முழங்கால் தண்ணீர். சீட்டு, கோப்பு எல்லாம் நனைந்து கூழாகிவிட்ட ஜனங்கள் வெறும் அட்டையைக் காட்டி, "இது தீர்ந்துவிட்டது அக்கா" என்று வந்தார்கள். ரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நாளைக்கு எண்ணிக் கொடுத்தேன். நோட்டில் பெயர் எழுதி வைத்தேன். அப்படிக் கொடுக்க எனக்குச் சட்டத்தில் இடமில்லை. மறுபடி வெள்ளம் வந்தால் மறுபடியும் கொடுப்பேன். பேரிடர் நாட்களில், தொடர்ந்து சாப்பிடும் மருந்தைச் சில நாட்களுக்கு மட்டும் பழைய அட்டையைப் பார்த்துக் கொடுக்கலாம் என்று ஓர் ஏற்பாடு செய்ய ஒன்றிய அரசிடம் நீங்கள் பேசலாம். வருடா வருடம் டிசம்பர் வருகிறது.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. தொண்டை வலி, காது வலி, சைனஸ் அழற்சி, தொற்றாகிவிட்ட பூச்சிக்கடி, தோல் கொப்புளம், அக்கி, பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்று, இந்த ஏழுக்கும் மருந்தாளுநரே பார்த்துத் தேவைப்பட்டால் மருந்து தரலாம். அதை இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. செட் கட்டும் கடைகளும் வாடகைச் சான்றிதழ்களும் இருக்கும் ஊரில் அது வேண்டவே வேண்டாம். எனக்குப் பிடித்தது அதிலுள்ள வேறொரு சங்கதி. ஓர் ஆலோசனைக்கு இவ்வளவு என்று அரசு கடைக்குத் தருகிறது, தொடங்கியபோது அது 15 பவுண்டு. பார்த்துவிட்டு, மருந்தே வேண்டாம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அனுப்பினாலும் அந்தத் தொகை உண்டு. அங்கே பேச்சுக்கும் கூலி கொடுக்கிறார்கள்.

நம்மிடம் அதற்கு வேண்டிய சாமான்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு வீட்டு வாசலில் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தன. அவற்றில் பலவற்றை எங்களைப் போல டி.பார்ம், பி.பார்ம் படித்தவர்களே நடத்துகிறார்கள். முதலாவது உங்கள் துறை, இரண்டாவது கூட்டுறவுத் துறை. வீட்டுக்குப் போகும் தன்னார்வலருக்கு, அந்த வீட்டுக்காரர் தனியாரிடம் என்ன மருந்து வாங்குகிறார் என்று தெரியாது. மருந்தகத்தில் இருப்பவருக்கு, தன்னார்வலர் என்ன கொடுத்தார் என்று தெரியாது. என் ரயில்வே பெரியவரின் மஞ்சப்பை நிரம்பியது இப்படிப்பட்ட இடைவெளியில்தான்.

நான் கூலி கேட்பது ஒரே ஒரு வேலைக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் பையோடு அருகிலுள்ள மருந்தாளுநரிடம் கொண்டுவர வேண்டும். அரசு மாத்திரை, தனியார் மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, சித்த மருந்துக் குளிகை, எல்லாம். மருந்தாளுநர் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, தமிழில் ஓர் அட்டையில் காலை, மதியம், இரவு என்று எழுதி, இரட்டிப்பு இருந்தால் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவருக்குக் குறிப்பு அனுப்ப வேண்டும். மாத்திரையை மாற்றும் அதிகாரம் அந்த மருத்துவருக்கே. அந்தக் கால் மணி நேரத்துக்கு, ஒரு மாத்திரை விற்காவிட்டாலும், அரசு மருந்தாளுநருக்குக் கட்டணம் தர வேண்டும். எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஐம்பது ரூபாய் என்றாலும் அது பதினைந்துக்கும் மேற்பட்ட சர்க்கரை மாத்திரை அட்டைகளின் லாபம். பணம் கடை முதலாளியின் கணக்குக்குப் போகாமல், பதிவு எண்ணை வைத்து மருந்தாளுநரின் கணக்குக்கே போகட்டும். சுவரில் தொங்கும் சான்றிதழால் உட்கார்ந்து பை பார்க்க முடியாது. வாடகைச் சான்றிதழை ஒழிக்க ஆய்வாளர்களால் முடியாததை இந்த ஐம்பது ரூபாய் கொஞ்சமாவது செய்யும் என்று நம்புகிறேன். குறிப்பை எடுத்துக்கொள்ள மருத்துவர் பக்கத்தில் ஓர் ஆளும் ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். "பேஷண்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லாத எண்.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். தொடக்க விழா, பந்தல், பலகை என்று அது வேறெங்கோ போய்விடும். சென்னையில் ஒரே ஒரு மண்டலத்தில் ஒரு வருடம் செய்து பாருங்கள். எத்தனை பைகளில் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தது, எத்தனை பேர் காபியோடு தைராக்சின் போட்டார்கள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை கம்மியாக இருந்தால் திட்டத்தை மூடிவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

திரு.வி.க. நகர் மண்டலத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் என் கடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டூல் இருக்கிறது. ஃபிரிட்ஜை மட்டும் ஒரு முழம் நகர்த்த வேண்டும், அதற்கு எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெரம்பூர் மருந்தாளுநர் ஒருவர்